விட்டு ரெண்டு வருஷமாச்சு

என் வீட்டுக்காரருக்கு,

இனி என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதல் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் உங்கள் காலில் கருவியை ஒட்டி ரத்த ஓட்டம் பார்த்தார். "இழுபறியாத்தான் இருக்கு. சிகரெட்ட விட்டிருந்தா கால முட்டிக்குக் கீழ எடுக்கலாம், புண் ஆறிடும். இல்லன்னா ஆறாது, மேலதான் எடுக்கணும். நீங்க சொல்லுங்கம்மா, பிடிக்கிறாரா?" என்று என்னைக் கேட்டார். நீங்கள் என்னை முறைத்தீர்கள்.

"விட்டு ரெண்டு வருஷமாச்சு டாக்டர்," என்றேன். அன்று காலையில்தான் உங்கள் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வைத்திருந்தேன்.

முன்பொரு நாள் உங்கள் நண்பர்கள் எதிரில் ஓர் உண்மையைச் சொன்னதற்கு, மூன்று நாள் என் காது இரைந்தது. அதன்பின் உங்கள் பேச்சை நான் மீறியதேயில்லை.

புண் அழுகியது. மறுபடி வெட்டியதில் முட்டியும் போயிற்று. "அன்னிக்கே ஏன்டி சொல்லல?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினீர்கள்.

நேற்று டாக்டர் போன் செய்தார். அடுத்த காலில் கட்டைவிரல் கறுத்திருக்கிறதாமே. வியாழக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். என்ன சொல்ல வேண்டுமென்று முன்னாலேயே எழுதிவிடுங்கள். ஒரு வார்த்தை மாறாமல் அப்படியே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி