ஆறாவது வாரம்

சென்னை,
28-6-1994

அன்புத் தம்பி மாறனுக்கு,

அக்கா கனிமொழி எழுதுவது. நீயும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன கடிதத்தில் சிங்கப்பூர் ஏஜெண்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அப்பாவின் மூட்டுவலியைப் பற்றி அரை வரி. அந்த அரை வரியைத்தான் நான் நாலு தடவை படித்தேன்.

நல்ல சேதி ஒன்று. நான் எழுதிய நாடகத் தொடர் வருகிற செவ்வாய், ஜூலை 5 முதல் தொலைக்காட்சியில் வருகிறது. பெயர் ‘கதிர்க்கட்டு’. மாலை ஏழு மணி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நேரம் போக, இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியது.

மொத்தமே ஆறு வாரம்தான். சில தொடர்களை இப்போது வாரா வாரம் எழுதி இழுக்கிறார்கள். நடிகர் சண்டை போட்டுக்கொண்டு போனால் அடுத்த வாரம் அந்தப் பாத்திரத்துக்கு லாரி விபத்து. இது அப்படி இல்லை, குறுந்தொடர். ஆறையும் எழுதி, எடுத்து, முடித்துத்தான் டேப்பைக் கொடுத்திருக்கிறோம். "முடிவு தெரியாம முதல் சீனைத் தொடாதம்மா" என்று இயக்குநர் நாகநாதன் சார் என்னை ஆறு மாதம் வறுத்தெடுத்தார்.

நம் பக்கத்துக் கதைதான். அப்பாவைக் கட்டாயம் பார்க்கச் சொல்.

உன் அக்கா,
கனிமொழி

தென்படுகை,
7-7-1994

அன்புள்ள அக்காவுக்கு,

மாறன் எழுதுவது. அப்பாவுக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது, பேச்சும் குறையவில்லை. இது ஒரு முழு வரி, எண்ணிக்கொள்.

செவ்வாய்க்கிழமை பஞ்சாயத்து டிவி அறையில் காலை நீட்ட இடமில்லை. உன் பெயர் எழுத்தில் வந்ததும் டீக்கடை நடராசன் விசிலடித்துவிட்டார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, படம் முடியும்வரை துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு பெருமை.

ஆனால் அக்கா, நடவுக் காட்சியை யார் எடுத்தது? பெண்கள் நாற்றை நட்டுக்கொண்டே முன்னால் போகிறார்கள். நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டா போவார்கள்? "மெட்ராஸ் நடவு போல" என்று சாவித்திரி அக்கா சொல்லி, அறையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

சாமிதுரை மாமாவும் வந்திருந்தார். வழக்கம்போல வெளியே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். அவரை உள்ளே யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஒரு விஷயம் கேட்கிறேன். அந்தச் சங்கத் தலைவர் பாத்திரம் நம்ம சிங்காரவேலு மாமாதானே?

அன்புடன்,
நெடுமாறன்

தென்படுகை,
20-7-1994

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கே பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், மனசு சரியில்லை.

நேற்று மூன்றாவது வாரம். இனிக் கேட்க ஒன்றும் இல்லை, இது சிங்காரவேலு மாமா கதைதான் என்று குழந்தைகூடச் சொல்கிறது. கூலி உயர்வு கேட்டு அறுப்பை நிறுத்துகிறார், ஆற்றுத் திட்டில் மோட்டார் கொட்டகையில் ஒளிந்திருக்கிறார். அடுத்து என்ன என்று ஊருக்கே தெரியும். பண்ணை ஆட்கள் வந்து அடிப்பார்கள், மூன்றாம் நாள் அவர் சாவார். அது நடந்தபோது எனக்கு ஐந்து வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னதுதான். ஒளிந்திருந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அப்பாவும் சாமிதுரை மாமாவும். அன்றைக்குப் பண்ணைக் காரியஸ்தர் வீட்டு வாசலில் சாமிதுரையைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் காட்டிக்கொடுத்தவர் அவர். இருபது வருஷமாக அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை, நல்லது கெட்டதுக்கும் இல்லை.

நேற்றுப் படம் முடிந்ததும் ஜன்னல் பக்கமாக யாரோ சேற்றை வாரி அடித்தார்கள். அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

அதைவிட இன்னொன்று. கதையில் தலைவரின் கூட்டாளி வீட்டில் ஒரு பையன் வாந்திபேதியில் கிடக்கிறானே, அந்தக் காட்சி வந்ததும் அப்பா எழுந்து போய்விட்டார். சோறும் வேண்டாம் என்றார். கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

அந்தப் பையன் யார் அக்கா?

நெடுமாறன்

சென்னை,
23-7-1994

அன்புத் தம்பிக்கு,

அந்தப் பையன் நீ.

அம்மா சாவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் சொன்னாள். எட்டு வருஷமாக என் நெஞ்சில் இருக்கிறது. உனக்குக் கண் சொருகிவிட்டது. மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. அப்பாவுக்காகக் காரியஸ்தரிடம் போய்க் கெஞ்சியவர் சாமிதுரை மாமா. முடியாது என்று விரட்டிவிட்டார்கள். பிறகு அப்பாவே போனார். இடத்தைச் சொன்னால் கார் வரும் என்றார்கள். அப்பா சொன்னார். கார் வந்தது. ஊர் பார்க்காமல் இருக்க அம்மா உன்னைக் கப்பி ரோடு வரை தோளில் போட்டுக்கொண்டு போய் ஏற்றினாள். நீ பிழைத்தாய்.

அடித்துக் கொல்வார்கள் என்று அப்பா நினைக்கவில்லை. போலீஸில் ஒப்படைப்பார்கள், ஆறு மாதத்தில் வந்துவிடுவான் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு ஊர் சாமிதுரையைக் கை காட்டியபோது அப்பா வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் சிங்காரவேலு நினைவு நாளில் கொடியேற்றுவதும் அவர்தான். எனக்கு அப்பாவைப் பிடிக்கும் மாறா. அதனால்தான் பொறுக்க முடியவில்லை.

ஆறாவது வாரத்தில் இது வருகிறது. பெயர்கள் வேறு, ஊர் வேறு, ஆனால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். முதலிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அக்கா

தென்படுகை,
28-7-1994

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் வயலில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். என்னைக் காப்பாற்றத்தான் ஒருவர் செத்தார், இன்னொருவர் இருபது வருஷம் சேறு வாங்கினார் என்று எழுதியிருக்கிறாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உனக்குக் கதை கிடைத்துவிட்டது. எழுதிவிட்டு நீ மெட்ராஸில் இருப்பாய். நாங்கள்தான் இந்தத் தெருவில் நடக்க வேண்டும். அப்பாவுக்கு வயது அறுபத்தைந்து. இப்போதே மனுஷர் பாதியாகிவிட்டார். நாளைக்கு அவர் எதையாவது செய்துகொண்டால் உன் தொடருக்குப் பரிசா கொடுப்பார்கள்?

முடித்துக் கொடுத்தாயிற்று, மாற்ற முடியாது என்று சொல்லாதே. நடிகருக்காக லாரி விபத்து வைக்கிறவர்கள் ஒரு கிழவனுக்காக ஒரு காட்சியை வெட்ட மாட்டார்களா? வெட்டச் சொல். காலில் விழச் சொன்னால் நான் வந்து விழுகிறேன்.

மாற்றாவிட்டால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

நெடுமாறன்

சென்னை,
5-8-1994

அன்புத் தம்பிக்கு,

மாற்றிவிட்டேன்.

நாகநாதன் சார் முதலில் கதவைச் சாத்தாத குறை. "ஆறு வாரக் கதைன்னா ஆறாவது வாரத்துக்குத்தாம்மா மத்த அஞ்சும். அதைப் பிடுங்கிட்டா மிச்சம் என்ன இருக்கு?" என்றார். அழுதேன். என் அப்பா என்று சொன்னேன். அவரே போய், கொடுத்த டேப்பைத் திரும்ப வாங்கி வந்தார். பிறகு எடிட்டிங் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒன்றரை நிமிஷக் காட்சி, வெட்டியாயிற்று. காரியஸ்தர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தில் புதிதாகக் குரல் சேர்த்தோம். தென்னைமரத்தில் ஏறிய பண்ணைக் காவல்காரன் ஒருவன் தலைவரைத் திட்டில் பார்த்துவிட்டான் என்று வரும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்கும் பழி இல்லை, சாமிதுரை மாமாவுக்கும் இல்லை. இப்படியும் ஒரு வழி இருந்ததே என்று எனக்கே ஆறுதலாக இருக்கிறது. இப்போதாவது உன் கோபம் தணியட்டும்.

தந்தி கொடுக்க நினைத்தேன். ஆனால் தந்தியில் இதை என்னவென்று எழுதுவது? தபால் ஆபீசில் ஆரம்பித்து ஊரே படித்துவிடும். செவ்வாய்க்குள் இது கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். அப்பாவிடம் சொல், நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

உன் அக்கா,
கனிமொழி

தென்படுகை,
11-8-1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாலாம் தேதிவரை உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆறாவது வாரத்தில் வரப்போவதை அப்பாவிடம் சொல்லியிருந்தேன், மாறுமா என்று அவர் தினமும் என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் சொல்லிவிட்டேன், "அக்கா மாத்தமாட்டா போலருக்குப்பா" என்று. தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முறைத் தண்ணீர் திறக்க எல்லோரும் மதகுப் பக்கம் நின்றோம். அப்பா கொடியேற்றும் நாளில் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். "சிங்காரவேலுவக் காட்டிக்கொடுத்தது நாந்தான். சாமிதுரை இல்ல. எம்புள்ளைக்கு வண்டி கேக்கத்தான் அவன் அங்க போனான்" என்றார். சாமிதுரை மாமா வாய்க்காலில் நின்றபடியே கேட்டார்:

"செவ்வாக்கெழம டிவியில வந்துரும்னுதான இப்ப வந்து சொல்ற?"

"ஆமா" என்றார் அப்பா. "அதனாலதான்."

மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அப்பா இரண்டு வேளை சாப்பிட்டார் அக்கா. அவமானம்தான், ஆனால் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை டிவி அறையில் பக்கத்து ஊர் ஆட்கள்கூட இருந்தார்கள். உன் காவல்காரன் தென்னைமரத்தில் ஏறிப் பார்த்த கதை காரியஸ்தர் காட்சியில் குரலாக வந்தது. படம் முடிந்ததும் நடராசன் எழுந்து, "பாத்தீங்களாய்யா, சொந்த மகளே எழுதியிருக்கு, காவக்காரன்தான்னு. சாமிதுரை படுறதப் பாக்கப் பொறுக்காம வீரையண்ணன் தன் தலைல போட்டுக்கிட்டாரு. பெரிய மனுஷன்" என்றார். ஊரே கை தட்டியது. அப்பா எழுந்து நின்று, "நாந்தான்டா, நாந்தான்" என்று கத்தினார். இரண்டு பேர் கையைப் பிடித்துப் பதமாக உட்கார வைத்தார்கள். வயதாகிவிட்டது என்று சொன்னார்கள்.

சாமிதுரை மாமாவுக்கும் விடிவு இல்லை. நேற்றுக் காலையிலேயே பேச்சு மாறிவிட்டது. அந்தக் காவல்காரனைத் தென்னைமரத்தில் ஏறச் சொன்னது யார், துப்பு இல்லாமலா ஏறினான் என்கிறார்கள்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நான் ஒரே ஒரு தடவதான் உண்மையச் சொன்னேன்" என்றார். "அதையும் எம்பொண்ணு பொய்யாக்கிட்டா."

வெட்டச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உன் மேல் கோபப்பட எனக்கு முகம் இல்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நெடுமாறன்

சென்னை,
14-8-1994

மதிப்பிற்குரிய சாமிதுரை மாமாவுக்கு,

வீரையன் மகள் கனிமொழி எழுதுவது. உங்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் இது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

1974-ஆம் வருஷம் தை மாத அறுப்பில், ஆற்றுத் திட்டில் சிங்காரவேலு மாமா ஒளிந்திருந்த இடத்தைப் பெரிய பண்ணைக் காரியஸ்தரிடம் சொன்னவர் என் அப்பா வீரையன். அன்று நீங்கள் அங்கே போனது, சாகக் கிடந்த என் தம்பி நெடுமாறனுக்கு வண்டி கேட்க. இதை என் அம்மா அம்சம் என்னிடம் சொன்னாள். பண்ணையில் அப்படி ஒரு காவல்காரன் இருந்ததே இல்லை. அவனை நான் இந்த மாதம்தான் உண்டாக்கினேன். உண்மையான காட்சியை எழுதி, நடிக்க வைத்து, எடுத்து, பிறகு நானே வெட்டினேன். வெட்டிய காட்சியின் நான்கு பக்கங்களையும் இதோடு வைத்திருக்கிறேன்.

எட்டு வருஷம் எனக்குத் தெரிந்திருந்தும் உங்களைச் சேற்றில் நிற்க விட்டேன். அப்பா மதகில் சொன்னது சத்தியம். யாரிடம் வேண்டுமானாலும் இதைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வீ. கனிமொழி

தென்படுகை,
18-8-1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய கடிதத்தைத் தபால்காரர் டீக்கடையில் வைத்து சாமிதுரை மாமாவிடம் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

அவருக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் காத்திருந்தார். உன் நான்கு பக்கத்தையும் விடாமல் படித்து முடித்தேன். அவர் அழவில்லை, திட்டவுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, என்னை எதிரில் நிற்க வைத்தார்.

"இன்னொரு தடவ படி" என்றார். "இந்தத் தடவ எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

படித்தேன் அக்கா.

நெடுமாறன்