கொளஞ்சியப்பனுக்கு எட்டு வாக்கியங்கள்

14-9-1987, திங்கள்

போஸ்ட்மாஸ்டரின் பணி ஓய்வு விழா முடிந்தது. வாழ்த்து மடலை நானே எழுதி நானே படித்தேன். ஆங்கிலத்தில் பதினான்கு வரி. கள்ளக்குறிச்சியில் நான் எழுதிய நாற்பத்தோராவது மடல். திருக்கோவிலூர் முன்சீப் கோர்ட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவன் என்பதால், இந்த ஊரில் இங்கிலீஷ் என்றால் தெய்வசிகாமணி என்று ஆகிவிட்டது. நீலப் பட்டுத்துணியில் தங்க எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் படித்துவிட்டுக் கையில் கொடுப்பது வழக்கம். படிக்கும்போது யாரும் கேட்பதில்லை. போஸ்ட்மாஸ்டரே பந்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அமிர்தத்துக்கு முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

17-9-1987, வியாழன்

பஸ் இல்லை. பேப்பர் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். சேலம் ரோட்டில் புளிய மரங்களை அறுத்துச் சாய்த்திருக்கிறார்களாம். எங்கள் தெருவில் இதைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. நானும்தான். தாழ்ப்பாள் போட்டேனா என்று மூன்று முறை எழுந்து பார்த்தேன்.

19-9-1987, சனி

வடக்கே துப்பாக்கிச் சூடு என்கிறார்கள். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள்.

24-9-1987, வியாழன்

மறியல் நேற்றோடு முடிந்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு. தீனதயாளன் அவர்களின் வெள்ளிமலை பஸ், மறியல் தொடங்கிய நாளிலிருந்து மலை மேலேயே நின்றிருக்கிறது. திங்களன்று கடுக்காய் பறிக்க மரம் ஏறிய ஒரு பெண், ஆண்டாள் என்று பேர், விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஏராளமான ரத்தம். டிரைவர் கொளஞ்சியப்பன் அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து, மலைப் பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாராம். வழியெல்லாம் மரம். கல்வீச்சு என்கிறார்கள். கத்தியைக் காட்டினார்கள் என்கிறார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள்.

27-9-1987, ஞாயிறு

தீனதயாளன் வந்தார். வர்த்தகர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அக்டோபர் பத்தாம் தேதி டிரைவருக்குப் பாராட்டு விழா. சப் கலெக்டர் தலைமை. புதிதாக வந்த வடநாட்டுக்காரர், தமிழ் இன்னும் பிடிபடவில்லை.

“அதனால இங்கிலீஷ்தான் சார். கொஞ்சம் கனமா போடுங்க. படிச்சா ஆபீசர் நிமிந்து குந்தணும்.”

என்ன நடந்தது என்று கேட்டு வரிசைப்படி குறித்துக்கொண்டேன். அவர் சொன்னது, தேதி, ஊர்ப் பெயர் எல்லாம்.

29-9-1987, செவ்வாய்

நான்காவது பிரதியில் திருப்தி. முக்கியமான வரி இது: ‘சட்டத்தை மதியாத கும்பலின் ஆவேசத்துக்கு அஞ்சாமல், கச்சிராயபாளையம் தடையைத் தனியொருவனாக உடைத்து வந்த தீரரே.’ ஆங்கிலத்தில் இன்னும் முழங்குகிறது. கோர்ட் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்து செய்து பழகிய நடை. உரக்கப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் படித்தேன்.

மாலை பழனியின் அச்சகத்தில் கொடுத்தேன்.

4-10-1987, ஞாயிறு

காலையில் கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“கும்புடறேனுங்க சார். பிரஸ்ல பழனி சொன்னாரு. எம்மேல இன்னாமோ இங்கிலீஷ்ல எழுதிக்கிறீங்களாமே. கும்பல ஒடச்சிகினு வந்தேன்னு இருக்குதாம்?”

“ஆமாம். பாராட்டித்தான் எழுதியிருக்கிறேன்.”

“எந்தக் கும்பலுங்க? மொத மரத்தாண்ட நின்னுகினு இருந்தவன் எந்தம்பி அய்யனாருங்க.”

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

“பொம்பள மொனகுற சத்தம் கேட்டுது. அவனுங்களே கவுறு போட்டு மரத்த இழுத்தானுங்க. நான் ஸ்டீரிங்க புடிச்சிகினு குந்தினு இருந்தேன், அவ்ளோதான். எந்தம்பி படியில தொத்திகினு வந்தான். ஒவ்வொரு மரத்தாண்டயும் எறங்கி, இந்த வண்டிய மட்டும் வுடுங்கடான்னு அவன்தான் பேசினான். ஏழு மரம். கடைசி மரத்தத் தாண்டினா போலீசு. என்ன வுட்டுட்டு அவனப் புடிச்சிகினு போய்ட்டாங்க. இப்ப கடலூர் ஜெயில்ல கீறான்.”

கல்லெறி?

“ஒருத்தனும் ஒரு கல்லு எடுக்கலீங்க.” பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். “நாளிக்கு ஜாமீன் கேக்கும்போது, இவன் அண்ணனே கும்பல்னு மேடையில ஒத்துகினான்னு ஒரு வக்கீலு அந்தப் பேப்பர நீட்டுனா நான் இன்னாங்க பண்றது? ஊர்ல எம் பொண்டாட்டி தண்ணிக்குப் போவ முடியாது.”

வாழ்த்து மடலுக்குச் சட்டத்தில் எடை கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எடை இல்லாத தாளும் மேஜையில் கிடந்தால் எல்லோரும் படிப்பார்கள். முப்பத்தோரு வருடம் பார்த்திருக்கிறேன்.

போகும்போது சொன்னார்: “நீங்க என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்.”

கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. யார் வந்து எழுதச் சொல்கிறார்களோ அவர் சொல்வதைத்தான் எழுதுவேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரை இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு மடலிலும்.

5-10-1987, திங்கள்

தீனதயாளனைப் பார்க்கப் போனேன். சொல்ல வேண்டியதை மூன்று குறிப்பாகத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். முதல் குறிப்பு முடிவதற்குள்:

“சார், வாழ்த்து மடல போயி யாரு சாட்சிக்குக் கூப்புடுவா? நாலு நாளு என் வண்டி மலையில நின்னுச்சி. ஆபீசருக்கு அது தெரிய வேணாமா? பட்டுல அடிச்சி பிரேம் போட்டாச்சு. வுடுங்க.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இரண்டு குறிப்பும் சட்டைப் பையில் இருக்கின்றன.

6-10-1987, செவ்வாய்

என்ன மனுஷன் நான்?

8-10-1987, வியாழன்

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு அமிர்தம் காரணம் கேட்டாள். சொன்னேன்.

“காலமெல்லாம் அடுத்தவன் சொன்னத எழுதினீங்க. இவன் சொன்னதையும் எழுதுங்களேன். கையா வலிக்குது?”

“சங்கத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.”

“மேடையில படிக்கிறது யாரு, அவங்களா நீங்களா?”

இப்படிக் கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

மத்தியானம் உட்கார்ந்தேன். நோட்டில் ‘பாராட்டு’ என்ற தலைப்பின் கீழ் அறுபது ஆங்கில வாக்கியங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் மேடைக்கு. எதிரில் நிற்கும் ஒரு மனிதரிடம் சொல்லத் தகுந்தது ஒன்றுகூட இல்லை. வெள்ளைக்காரன் தன் வீட்டில், பக்கத்து வீட்டில், இதை எப்படிச் சொல்வான்? கல்லூரியில் எங்களுக்குப் பாடம் நடத்திய பாதிரியார் ஒரே ஒருமுறை சொன்னார்: ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. எனக்கல்ல, பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு. நான் யாருக்கும் சொன்னதில்லை, தமிழில்கூட. நம் வீடுகளில் அதிகபட்சம் ‘பரவால்லியே’ என்போம்.

சாதாரண ஆங்கிலத்தில் எழுதுவது இவ்வளவு சிரமம் என்று தெரியாது. கனமான சொல் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், நடந்தது என்ன என்பது நமக்கே தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. மாலைக்குள் எட்டு வாக்கியம் நின்றது. அய்யனார் மரம் வெட்டினான் என்று எங்கும் எழுதவில்லை. வெட்டியதை நான் பார்க்கவில்லை. அவன் இறங்கிப் பேசினான் என்று மட்டும். கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.

இதை நான் படிக்கப் போவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

10-10-1987, சனி

படித்துவிட்டேன்.

வரிசையாக எழுதுகிறேன். கூட்டம் இருநூறு பேர். கொளஞ்சியப்பன் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மாலை. என்னைப் பார்க்கவே இல்லை. என் பெயரைக் கூப்பிட்டு மடலைக் கையில் கொடுத்தார்கள். வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். தீனதயாளன் இருமினார். மைக் கம்பத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. சப் கலெக்டர் நிமிர்ந்து உட்காரவில்லை. மாறாக, முன்னால் சாய்ந்து கேட்டார். ஏழாவது வாக்கியம், தம்பி சிறையில் இருக்கிறார் என்பது. ‘பிரதர்’, ‘ஜெயில்’ என்ற சொற்கள் வந்ததும் கொளஞ்சியப்பன் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

சப் கலெக்டர் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார். என்னிடமிருந்து தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் மாலை நாற்காலியில் கிடக்கிறது. ஆள் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

தீனதயாளன் கீழே பிடித்துக்கொண்டார். “என் வண்டிய நிறுத்துனவன என் மேடையிலயே தூக்கி வெச்சிட்டீங்களே சார். ஆபீசர் கை குடுத்தாரு, அதனால சும்மா வுடறேன்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அந்த மனிதருக்கு ஆங்கிலம் தெரியாது. அத்தனையிலும் அவருக்குப் புரிந்தது அந்த இரண்டு சொல்தான். ஆபீசர் முன்னால், இருநூறு பேர் முன்னால், தம்பி ஜெயிலில் இருப்பதை நான் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றுதானே நினைத்திருப்பார்!

அமிர்தம் பெண்கள் வரிசையில் இருந்தாள். “அவனுக்குத்தான விழா? அவனுக்குப் புரியறா மாதிரி ஒரு வார்த்த தமிழ்ல சொன்னா இன்னாவாம்?” என்றாள்.

என்னவாம். ஒன்றுமில்லை. மறந்துவிட்டேன். ஆபீசருக்காக எழுதி ஆபீசரிடமே படித்திருக்கிறேன்.

11-10-1987, ஞாயிறு

நாளை கொளஞ்சியப்பனைப் பார்க்கப் போக வேண்டும். கடிதமாக எழுதி அனுப்பினால் என்ன? வேண்டாம்.

12-10-1987, திங்கள்

வெள்ளிமலை பஸ்ஸில் போனேன். கண்டக்டர் சின்னதுரை டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார்: “டிரைவரு உங்கள ஏத்தவே வேணாம்னாரு. ஏறிட்டீங்க. குந்துங்க, ஆனா பேச்சு குடுக்காதீங்க.”

கச்சிராயபாளையத்தில் பத்து நிமிஷம் வண்டி நிற்கும். கொளஞ்சியப்பன் டீக்கடையில் அவர் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு நின்றிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். எப்போதும் தாளைப் பார்த்தே படிக்கிறவன் நான். நகல் பையில் இருந்தது, எடுக்கக் கை வரவில்லை.

சொன்னேன்: “மேடையில் படித்தது இதுதான். ஒரு பெண் மலையில் மரத்திலிருந்து விழுந்தாள். கொளஞ்சியப்பன் அவளைப் பஸ்ஸில் கீழே கொண்டுவந்தார். வழியில் ஏழு இடத்தில் மரம் கிடந்தது. வெட்டியவர்களே மரத்தை நகர்த்தினார்கள். அவர் தம்பி அய்யனார் ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பேசி வழி வாங்கினார். அந்தப் பெண் பிழைத்தாள். தம்பி சிறையில் இருக்கிறார்...”

“அத்த ஏன்யா சொன்ன?” என்றார் ஒருவர்.

“சொல்லாவிட்டால், அந்த மேடையில் அவர் ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியாது.”

எட்டாவது பாக்கி இருந்தது. “இருவரையும் நினைத்து நாங்கள் பெருமைப்படுகிறோம்.” பாடப் புத்தகம் போல ஒலித்தது. பின்னாலிருந்து ஒருவர் சிரித்துவிட்டார்.

“பெருமப்படறாராம்! டேய், மொதல்ல அவர குந்த வெச்சி ஒரு டீ குடு. கை ஒதறுது பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கொளஞ்சியப்பன் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரரிடம், “சாருக்கு சக்கர கம்மி” என்றார். அப்புறம், “வண்டி எடுக்கணும்.”

வெள்ளிமலை வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்ததால் மேலே போய்த் திரும்ப வேண்டியதாயிற்று. முன் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் கியர் மாற்றிக்கொண்டே, திரும்பாமல், சொன்னார்:

“ஏழு இல்லீங்க சார். எட்டு. ஒன்னு சின்ன மரம், நானே எறங்கித் தள்ளிட்டேன். அன்னிக்கு சொல்ல வுட்டுப்பூட்டுது.”

நகலில் திருத்திக்கொண்டேன்.

24-10-1987, சனி

தீபாவளி போயிற்று. வர்த்தகர் சங்கத்தின் ஆங்கில வாழ்த்து அட்டையை இந்தமுறை கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் எழுதினாராம். நன்றாகத்தான் இருக்கிறது. கனமாக இருக்கிறது.

30-10-1987, வெள்ளி

அய்யனாருக்கு ஜாமீன். அவருடைய வக்கீல் போன வாரம் நகலின் நகல் ஒன்று வாங்கிப் போயிருந்தார். கோர்ட்டில் காட்டினாரா என்று தெரியவில்லை. கேட்கவில்லை. இன்று ஒரே உத்தரவில் நாற்பத்து மூன்று பேர் வெளியே வருகிறார்கள். என் தாளால் என்று நினைக்க எனக்கு இடமில்லை. நினைக்கவும் இல்லை. ஒருமுறை நினைத்தேன்.

8-11-1987, ஞாயிறு

அண்ணனும் தம்பியும் வந்தார்கள். அய்யனாருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இளைத்திருக்கிறான். தினமும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணன் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டார்.

“சார், என்னப் பத்தி ஆபீசராண்ட இங்கிலீஷ்ல இன்னா சொன்னீங்களோ, அத்த அப்பிடியே சொல்லுங்க.”

“உனக்குப் புரியாதே தம்பி. தமிழிலேயே சொல்கிறேன்.”

“தமிழ்ல ஊரே சொல்லிட்டுது சார். அவரு காதுல வுழுந்தது எங்காதுல வுழட்டும்.”

நகலை எடுத்துப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், “எம்பேரு வந்துச்சே, அது எந்த எடம்?” என்றான். காட்டினேன். “மரத்த வெட்டுனவங்கன்னு எழுதிக்கிறது?” அதையும் காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்:

“அவ்ளோ பேரு எதிருல இத்தப் படிக்க பயமா இல்லியா சார்?”

“பயந்தேன்.”

அதற்கு அவன் சொன்னதை இங்கே எழுதக் கூடாது. வழக்கு நடக்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம் என்று மட்டும் இருக்கட்டும்.

இன்னொருமுறை படிக்கச் சொன்னான். கொளஞ்சியப்பன் வாசலிலிருந்து, “டேய், கையெழுத்துக்கு நேரமாவுது” என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். மூன்றாவது வாக்கியத்தில் இருந்தேன், ஏழை எட்டாகத் திருத்திய இடம். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “மொதல்லேருந்து படிங்க சார்” என்றார்.