நாலாம் மாடியில் அவள் இருக்கிறாள்

மார்ச் 4, செவ்வாய்

செய்தி வந்தது காலை 10.42-க்கு. நான் பார்த்தது மதியம் ஒன்றேகாலுக்கு.

நடுவில் சத்தமில்லா அறைக்குள் இருந்தேன். பரிமாற்ற மாணவனாக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என் வேலை அதற்குள்தான். சுவர், கூரை எல்லாம் முள் முள்ளாக ஸ்பாஞ்சு. தரைக்குப் பதில் கம்பி வலை. உள்ளே தும்மினால் தும்மல்கூடத் திரும்பி வராது. நடுவில் ஒரு சின்ன ஃபேன் மோட்டாரை ஓடவிட்டு, அது எவ்வளவு இரைகிறது என்று மைக் வைத்து அளப்பேன். போன் உள்ளே போகக்கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது, அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

ரீடிங் நன்றாக வந்தது. விசில் அடித்துக்கொண்டே வெளியே வந்தேன். தட்டில் மச்சினனின் மெசேஜ். 'மாமா, அக்கா நம்மள விட்டுப் போயிட்டா.' அதற்குப் பிறகு வரிசையாக அவனுடைய மிஸ்டு கால்கள்.

தலைவலி என்று நேற்று மாத்திரை போட்டுப் படுத்தவள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம்.

ஃபேன் இரைச்சல் குறைந்துவிட்டது என்று அந்த நேரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

பாஸ்போர்ட் என் கையில் இல்லை. விசா நீட்டிப்புக்குப் போன வாரம்தான் கொடுத்தேன். விசா ஆபீஸில் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள், இரண்டு பேரிடம் பேசினாள், திரும்பி வந்தாள். முத்திரைக்காக வேறு ஊருக்குப் போயிருக்கிறதாம். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அடுத்த வாரம் முடியாது, அதற்கடுத்த வாரம். தண்ணீர் கொடுத்தாள். நல்லவள்தான்.

வீட்டில் அவளை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. மச்சினன் கேட்டான், "நானே பண்ணிடவா மாமா?"

பண்ணிடு என்றேன். வேறு என்ன சொல்ல? கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் ஏழு மாதம் நான் இங்கே.

வீடியோவில் காட்டட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

நேற்று சாயங்காலம் ஒன்று நடந்தது. எழுதாமல் விட்டேன்.

இந்த விடுதியில் மாடிக்கு ஒரு சமையலறை. நாலாவது மாடியில் நாங்கள் நாலு பேர், நாலு தேசம். சமைக்கும்போது போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைப்பேன். அவள் அங்கிருந்து வீடியோவில் அதிகாரம் பண்ணுவாள். தீயைக் குறைங்க, மூடியைத் திறங்க, வெங்காயம் கெஞ்சுது பாருங்க. யார் அடுப்பில் எது கருகினாலும் அவள் குரல்தான் முதலில் வரும். என் போனில் அவள் பெயர் 'ஹெட் ஆபீஸ்'. அர்த்தம் சொன்னதிலிருந்து இவர்களுக்கும் அவள் ஹெட் ஆபீஸ்தான். எதிர் ரூம் நெட்டையன், பாலம் கட்டப் படிக்கிறவன், எந்தக் கதவிலும் குனிந்தே வருகிறவன், அவளிடம் 'சாப்டாச்சா' கற்றுக்கொண்டான். எங்கள் பாஷையில் அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை. அதைக் கேட்காமல் மாடியில் யாரையும் விடுவதில்லை.

நேற்று தண்ணீர் எடுக்கப் போனேன். நெட்டையன் உப்பு டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன, ஹெட் ஆபீஸ் லீவா?"

"அங்க கரண்ட் இல்ல" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினேன். மூடினேன். குட் நைட்கூடச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

படிக்கட்டில் இறங்கும்போது போன் அடித்தது. ஹெட் ஆபீஸ். அவள் படம்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

அத்தை. அவளுடைய அம்மா. அவருடைய பட்டன் போனில் வெளிநாட்டுக்குப் பேச வராதாம். இதில்தான் மகள் கற்றுக்கொடுத்திருக்கிறாள், பச்சையை அமுக்கு, அவர் மூஞ்சியை அமுக்கு என்று. இனிமேல் தினமும் பேசுகிறாராம், எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று. சரி அத்தை என்றேன்.

என்ன சொல்றது? அந்த போன்ல கூப்பிடாதீங்கன்னா? அதையாவது கையில வச்சுக்கலாம்னுதானே அந்த அம்மா...

மார்ச் 20, வியாழன்

பாஸ்போர்ட் வந்தது. அப்பாவுக்குச் சொன்னேன். எல்லாக் காரியமும் முடிஞ்சுபோச்சு, இப்ப வந்து சுவத்தையா பார்க்கப் போறே, ஜூன்ல படிப்பு முடியுதுல்ல, முடிச்சுட்டே வா என்றார்.

டிராயரில் வைத்துப் பூட்டினேன். கிளம்ப முடியாதபோது கவுண்டரில் கெஞ்சினேன். இப்போது கிளம்பலாம். கால் எழவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கரண்ட் இல்லை என்பது மூன்று நாள் ஓடியது. அப்புறம் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சமைக்கிற நேரத்தில் ஷிப்ட், அதனால் வீடியோவில் வர முடியாது. பக்கத்து ரூம் போர்வைக்காரி, எந்நேரமும் ஒரு பச்சைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடமாடுகிறவள், ஷிப்ட் வேலை உடம்பைக் கெடுக்கும், அவளைப் பார்த்துக்கச் சொல்லு என்றாள். சொல்றேன் என்றேன்.

என் பொய்யைக் காப்பாற்றுவது அத்தைதான். தினமும் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் சமையலறை மேஜையில் போன் அடிக்கிறது. நெட்டையனுக்கு நம் எழுத்து படிக்க வராது, வடிவம் தெரியும். "ஹெட் ஆபீஸ்" என்று கூவுவான். நான் பிடுங்கிக்கொண்டு ரூமுக்கு ஓடுவேன். பொண்டாட்டிகிட்ட பேசறதுக்கு இவ்வளவு வெட்கமா என்று சிரிப்பார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு அத்தை அழுவதைக் கேட்பேன். வெளியே அவர்கள் சிரிப்பதும் கேட்கும். முக்கால் அங்குலப் பலகை. முப்பது டெசிபல்கூடத் தடுக்காது.

பெயரை மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'அத்தை' என்று அடித்தேன். அழித்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று போனைத் தட்டில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லா அறைக்குள் போனேன். மோட்டாரை நிறுத்தினேன். கம்பி வலைமேல் உட்கார்ந்து அவள் கடைசியாக அனுப்பிய குரல் மெசேஜைப் போட்டேன். "கேஸ் வந்துடுச்சுங்க. நீங்க கேட்ட சர்டிபிகேட் பீரோல இல்ல, மேல் தட்டு வரைக்கும் பார்த்துட்டேன். அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான்.

இந்த அறைக்கென்று சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. அதனால் அவள் குரலைச் சுற்றி இருந்ததெல்லாம் தனித்தனியாகக் கேட்டது. குழாய் டம்ளருக்குள் சொட்டுவது. தெருவில் ஒரு வண்டி கியர் மாற்றுவது. அவள் முடித்ததும் கடைசி வார்த்தையின் வால் டைல்ஸில் பட்டுத் திரும்புகிறது. அரை நொடி இருக்காது. ஊரில் எங்கள் சமையலறை அந்த அரை நொடிக்குள் இருக்கிறது. மறுபடி போட்டேன். மறுபடி. கணக்குப் போட்டால் அவள் எந்தச் சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றாள் என்றுகூடச் சொல்லிவிடலாம். போடவில்லை.

நிறுத்தியதும் என் ரத்தம் ஓடுவது காதில் கேட்டது. இந்த அறையில் எல்லோருக்கும் அப்படித்தான். எழுந்து கதவைத் தேடினேன். கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. நாலு பக்கமும் ஒரே முள்.

மே 6, செவ்வாய்

அழுகை வருவது போலிருந்தது. தும்மல்தான்.

மே 25, ஞாயிறு

கடைசி ரூம் பெண் ஊருக்குப் போகிறாள். மாடியில் முதல் ஆள். எல்லோரும் அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை போனோம். சாமானைக் கட்டவே தெரியாத பெண். பெட்டிமேல் நெட்டையனை உட்காரவைத்துத்தான் ஜிப் போட்டோம்.

லிஃப்ட் வந்த பிறகு திரும்பி ஓடிவந்து என் கையில் ஒரு பொட்டலம் வைத்தாள். தாமிரக் கம்பியில் அவளே முறுக்கிச் செய்த தோடு. ஹெட் ஆபீஸுக்காம். ஒருநாள் தன் சமையலைக் கரியாகாமல் காப்பாற்றினாளே, அதற்கு.

"அவளுக்குப் பிடிக்கும்" என்றேன். பிடித்திருக்கும். அதில் பொய் இல்லை.

ரூமுக்கு வந்து யோசித்தேன். ஊரில் அவள் இல்லை. அவள் வீட்டில் இல்லை, எங்கள் வீட்டில் இல்லை, தெருக்காரர்கள்கூடப் பேசி முடித்திருப்பார்கள். இந்த நாலாம் மாடியில் மட்டும் அவள் ஷிப்டுக்குப் போகிறாள். அவளுக்கு உடம்பு கெட்டுவிடுமோ என்று ஒருத்தி கவலைப்படுகிறாள். இதை நான் எப்படிக் கலைப்பேன்?

ஜூன் 12, வியாழன்

கைடு கூப்பிட்டார். என் அளவுகள் சுத்தமாக இருக்கின்றனவாம். இன்னும் மூன்று வருஷம் இங்கேயே ஆராய்ச்சிக்கு இருக்கிறாயா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "உன் மனைவியையும் கூட்டிட்டு வந்துடு. குடும்ப வீடு ஒண்ணுக்கு நானே சொல்லி வைக்கிறேன்" என்றார். திங்கள் 23-க்குள் பதில்.

அவருக்கு நான் மனிதர்களோடு சகஜமாக இல்லை என்று வருத்தம். அதனால்தான் சேர்த்துச் சொல்கிறார்.

இருந்துடலாமா?

அத்தை தினமும் ஒன்று சொல்கிறார். அவ பீரோவ யாரும் தொடல மாப்பிள்ளை, நீங்க வந்துதான் திறக்கணும். அன்பாகத்தான் சொல்கிறார். எனக்கு அந்த பீரோ நடுராஸ்தாவில் வந்து நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. ஊருக்குப் போனால் முதல் நாளே திறக்கணும். இங்கே இருந்தால் திறக்க வேண்டாம். வேலை பார்க்கிற பொண்டாட்டிக்கு விசா தாமதம் என்றால் ஒரு வருஷம் ஓட்டலாம். அப்புறம் வேறு ஏதாவது.

இப்படிக் கணக்குப் போடறவன் யாரு? நான்தானா?

ஜூன் 20, வெள்ளி

இருந்துவிடுகிறேன். திங்கட்கிழமை கைடிடம் சொல்லிவிடுவேன். செவ்வாய்க்கிழமைக்கு ஊருக்குப் போட்டிருக்கிற டிக்கெட்டை ரத்து செய்யணும்.

இவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு எனக்கு வழியனுப்பு விருந்து வைக்கிறார்கள். கேக் வாங்கியாகிவிட்டது. சொல்லி அதைக் கெடுப்பானேன்.

ஜூன் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம். நான் அடுப்படியில் நின்று கிண்டிக்கொண்டிருந்தேன். என் போன் மேஜையில் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. திரும்பினால் நெட்டையன் போனை உப்பு டப்பாவில் சாய்த்துவைத்திருக்கிறான், மணி போகிறது. இன்னைக்கு சனிக்கிழமை, லீவுதானே, ஹெட் ஆபீஸ் இல்லாம என்ன விருந்து என்றான். அவனுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தினமும் வருகிற பெயர்தான் மேலேயே இருக்கும்.

கரண்டியோடு நின்றேன். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். ரெண்டே எட்டு. நிக்கறேன்.

முதலில் மின்விசிறி தெரிந்தது. அப்புறம் அத்தையின் நெற்றியும் ஒரு கண்ணும். போனை அவ்வளவு கிட்டத்தில்தான் பிடிப்பார். நெட்டையன் முழித்தான். பெரியவங்க வந்துட்டாங்களே என்று தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தான்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு தம்பி" என்றார் அத்தை, பழக்கத்தில். அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. "நீ யாருப்பா?"

போர்வைக்காரி சிரித்துக்கொண்டே குனிந்து, அவள் பெயரைச் சொன்னாள். எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டாள். அத்தைக்கு அந்தப் பெயர் புரிந்தது. கை புரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தார். பிறகு போனை மெதுவாகத் திருப்பினார். சுவர். படம். அதன் கீழே சின்னதாக ஒரு விளக்கு.

யாரும் எதுவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. போர்வைக்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை அங்க இருக்காரா?" அத்தையின் முகம் திரும்பி வந்தது. "மாப்பிள்ளை, இவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"இல்ல அத்தை."

"ஏன்?"

"இங்க அவ இருந்தா அத்தை."

அந்தப் பக்கம் விசிறி சுற்றுகிற சத்தம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுப்ப அணைங்க" என்றார். "பின்னாடி புகையுது பாருங்க. அணைங்க முதல்ல."

அவளுடைய அதே குரல். அதே அதட்டல். இவ்வளவு நாள் கேட்கிறேன், இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

அணைத்தேன். அதற்குமேல் எனக்கு நிற்க முடியவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மார்ச்சிலிருந்து முதல் தடவை. நெட்டையன் பக்கத்தில் வந்து அவ்வளவு உயரத்தையும் மடக்கி உட்கார்ந்தான். அத்தை லைனை வைக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் போர்வைக்காரி கதவைத் தட்டினாள். கண் வீங்கியிருந்தது. கோபமாகத்தான் வந்தாள்.

"மூணு மாசமா நான் அவளை விசாரிச்சேன், சொல்றேன் சொல்றேன்னியே. யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல."

போய்விடுவாள் என்று பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்ப இப்ப எங்ககிட்ட சொல்லு, முதல்லேருந்து சொல்லு என்றாள். நெட்டையனும் வந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, நீங்க குறட்டை விடுவீங்களா என்பது. சத்தத்தைப் பற்றிப் படிக்கிறவன் என்றார்களாம், அதனால் கேட்டாளாம். அதிலிருந்து ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாடு மறந்துபோனது. சில இடங்களில் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 24, செவ்வாய்

விமான நிலையம். இன்னும் அரை மணியில் கூப்பிடுவார்கள்.

நேற்று கைடிடம் இரண்டையும் சொன்னேன், அவள் இல்லை என்பதை, நான் இருக்கப்போவதில்லை என்பதை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து ரொம்ப நேரம் விடவில்லை. நெட்டையனும் போர்வைக்காரியும் தடுப்பு வரை வந்தார்கள். வெயில் காலம், இருந்தும் போர்வை.

இப்போது ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர்.

"மாப்பிள்ளை, நான்தான். எனக்குன்னு ஒண்ணு உங்க மச்சினனை வாங்கச் சொன்னேன். அவ போன எடுத்து வச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் அவ பேருதானே வந்திருக்கும் உங்களுக்கு. எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"பரவால்ல அத்தை. எனக்கும் வேண்டித்தான் இருந்துச்சு."

எத்தனை மணிக்கு இறங்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். எல்லோரும் வருகிறார்களாம், ஒரே வண்டியில் நசுங்கிக்கொண்டு. போகும்போது பெட்டியோடு நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். அதுக்கு உங்க மச்சினன் நடந்து வருவான் என்றார்.

புது நம்பரைப் பதிந்தேன். அத்தை. இந்தத் தடவை அழிக்கவில்லை. ஹெட் ஆபீஸ் என்ற பெயர் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதையும் அழிக்கவில்லை. இனி அதிலிருந்து மணி வராது. மார்ச்சிலிருந்து ராத்திரி பகல் எந்நேரமும் போனின் சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்து, குளிக்கும்போதுகூட அதை அலமாரித் தட்டில் கண்முன்னே வைத்திருந்தேன்.

வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. போனை அணைத்துவிட்டேன்.