காற்று நின்றால் பெயிண்ட்

மார்கழி 22, செவ்வாய்

பத்து மணி வரை பனி. என் லோடு வண்டி பலாமரத்தடியில். ஷெட் கிடையாது, மரம்தான் ஷெட். வெள்ளிக்கிழமை நாமக்கல்லில் எஃப்.சி. (வண்டிக்குத் தகுதிச் சான்று). துருவோடு கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் பொங்கல் லோடு மொத்தமும் வேறு வண்டிக்கு. சோளக்காடு சந்தையில் நின்று அதை வேடிக்கை பார்க்க என்னால் ஆகாது.

முடிந்தது: ஒடுக்கு எடுத்தது, பட்டி போட்டது, உப்புத்தாள் தேய்த்தது (பாதி வீட்டுக்காரர், பாதி நான். இவர் பாதி கொஞ்சம் சின்னப் பாதி).
பாக்கி: பிரைமர், நீலம் இரண்டு கோட்.

இனி என் வண்டியில் யார் கீறல் போட்டாலும் கையை ஒடிப்பேன். எழுதியே வைக்கிறேன்.

23, புதன்

பஞ்சர் கடை கம்ப்ரசர் வந்தது. நாளை சாயங்காலம் திருப்பித் தரவேண்டும். ஏழு மணிக்கே அவசரப்பட்டு பிரைமர் அடித்தேன், பனி ஈரத்தில் வெளுத்துப்போனது. தேய்த்து மறுபடி. புத்தி எனக்கு பதினோரு மணிக்குமேல்தான் வரும்போல.

மதியம் நீலம் முதல் கோட். கண்ணாடி மாதிரி. டீ குடிக்கப் போய் வந்து பார்த்தால் முகப்பு முழுக்க ராகி உமி. மேலே பாறையில் நங்கை (இவர் அக்கா, பக்கத்து வீடு) முறத்தோடு நிற்கிறார். மூன்று நாள் கழித்து இன்றுதான் காற்று வந்ததாம்.

"ஏனுங்க நங்கை, ஈர பெயிண்டு இருக்கறது தெரியலீங்களா?"

"காத்து வந்தா நான் தூத்தாம என்ன பண்றது? பொங்கலுக்கு மாவு வேண்டாமா? உன் வண்டியப் போத்தி வெய்யி."

ஈரப் பெயிண்டைப் போர்த்துவதாம். ராத்திரி சாப்பாட்டில் இவர் சிரித்துக்கொண்டே: "காத்து வந்தா அவ தூத்தட்டும், நின்னா நீ அடி. ஆளுக்கொரு நேரம். இதுக்கு என்னத்துக்குச் சண்டை?"

24, வியாழன்

உமியைத் தேய்த்து எடுத்தேன். பதினொன்றரை, இலைகூட ஆடவில்லை. அடித்தேன். முடித்து ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்த நிமிஷம், சரசரவென்று காற்று. நல்ல காற்று.

மேலே பார்த்தேன். நங்கை முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். தூற்றவில்லை. அரை மணி நேரம் அப்படியே. காற்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் கீழே பார்த்து, "காஞ்சுதா கண்ணு?"

"காஞ்சுதுங்க."

அதற்குள் காற்று நின்றுவிட்டது. அழுகை வந்தது எனக்கு. இவரிடம் தின்னர் நெடி என்றேன். சாயங்காலம் காற்று திரும்ப வந்ததும் போய் நங்கையோடு நான்கு முறம் தூற்றினேன். என் பக்கம் பாதி பாறையில் சிந்தியது, திட்டவில்லை.

25, வெள்ளி

எஃப்.சி. ஆயிற்று! ஆபீசர் கதவோரத்தில் நகத்தால் சுரண்டினார். "இது என்னம்மா?"

"ராகிங்க சார்."

நிமிர்ந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினேன். முதல் லோடு யாருடையது என்பதில் யோசனையே இல்லை: நங்கையின் ராகி, மூன்று மூட்டை, சோளக்காடு மில்லுக்கு. அவர் முன்சீட்டில் ஏறி, கதவை இழுத்துச் சாத்தினார். வளையல் பட்டு நீளமாக ஒரு கீறல்.

"அய்யோ சாமி, பட்டுருச்சா?"

"ஒண்ணுமில்லீங்க, போலாம்" என்றேன்.