கோலம் போட்ட டீசல் வேன்

இன்றைக்குக் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே இறங்கினேன். மார்கழிப் பனி. இந்த மேடவாக்கம் அடுக்குமாடி வாசலில் காய்கறிக்காரர் ஒருவர் தன் வேனைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கர் கர்ரென்று இழுக்கிறதே தவிர, பிடிக்கிற வழியைக் காணோம். அவரோ ஆக்சிலேட்டரை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறார். கடைசியில் வெள்ளையாக ஒரு புகை வந்தது. கூடவே கண்ணைக் கரிக்கிற பச்சை டீசல் வாசனை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, ஹீட்டர் போட்டியா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

தலையில் மஃப்ளர், கையில் பால் பாக்கெட்டோடு நிற்கிற கிழவியை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "போட்டேன் ஆயா. லைட்டு அணையறதுக்குள்ள அட்ச்சிட்டேன்" என்றார்.

"அணையற வரைக்கும் நில்லு. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு."

அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். "அண்ணி, லைசென்ஸ் எப்ப எடுக்கப் போறீங்க?" என்று கேட்டிருப்பாய்.

மேலே வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பேத்தி, "சொல்லுங்க பாட்டி, நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்து அழகு என்று சொன்னவள் நீதானே. என் புருஷனோடு கூடப் பிறந்தவள் நீ. என் நாத்தனார். உனக்கு எழுதுவதை இன்னொருத்தர் கை ஏன் எழுத வேண்டும்?

உன் வீட்டுக்காரர் உனக்கு விட்டுப் போனது அந்த வேன் ஒன்றுதான். கோயில் கோயிலாக ஆட்களைக் கூட்டிப் போன வண்டி. பின் சீட்டுகளைக் கழற்றிப்போட்டு, மடக்கி வைக்கிற மாதிரி பலகைக் கட்டில் அடித்திருந்தார். அதற்குக் கீழே தகரப் பெட்டி. மூலையில் ஒரு பம்ப் ஸ்டவ், குழாய் வைத்த தண்ணீர் டிரம், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. அவர் போன பிறகு நீ பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, அந்த வண்டியை ஓட்டியபடியே எங்கள் மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தாய். தெருவே வெளியில் வந்து பார்த்தது. உன் அண்ணன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். நீ சாப்பிட மட்டும் உள்ளே வந்தாய். படுக்க வண்டிக்குப் போய்விட்டாய்.

"ரூம் உங்களோடது அண்ணா. இது என்னோடது" என்றாய்.

உன் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "கூடப் பொறந்தவள வண்டியில படுக்க வச்சிருக்கான்னு ஊரு சொல்லும்" என்று தினமும் புலம்பல். எனக்கும் கோபம்தான். வீட்டுக்குள் இடம் இருக்கும்போது இவள் என்ன வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். நீயோ எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்ததும் வேன் படிக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, இரண்டு கை அகலத்துக்கு ஒரு கோலம் போடுவாய். நான் வீட்டு வாசலில் போடுவேன். நாலடி தூரத்தில் இரண்டு கோலம். தெருவில் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

கோலம் போட்ட பிறகு வண்டியைக் கிளப்புவாய். நம் இருவருக்கும் பேச்சு கூடிவந்ததே அப்போதுதான். முதலில் சாவியைப் பாதி திருப்புவாய். சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உடனே ஸ்டார்ட் பண்ணாமல் நீ திரையைச் சரிசெய்வாய், கண்ணாடி துடைப்பாய், தலையைக்கூட வாரிக்கொள்வாய்.

"எதுக்கு இப்படி நேரத்தை ஓட்டற? திருப்பித் தொலையேன்" என்றேன் ஒரு நாள்.

"அண்ணி, பம்ப் ஸ்டவ் பத்த வைக்கறீங்க. பர்னரைச் சூடு பண்ணாம பம்ப் அடிச்சா என்ன ஆகும்?"

"குபுக்குன்னு மேல எழும்பும். பாத்திரமெல்லாம் கரி. வீடு பூரா நாத்தம்."

"இதுவும் அதேதான். டீசல் தீக்குச்சி கேக்காது, சூடுதான் கேக்கும். உள்ள இருக்கற ஹீட்டர் காயணும். காஞ்சா விளக்கு தானா அணையும். பனி நாள்னா ரெண்டு தடவை காய வைக்கணும்."

அப்புறம் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பாய். கிளட்சை அமுக்கி, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஒரே திருப்பு. பிடித்த உடனே சாவியை விட்டுவிடுவாய். பிடித்த பிறகும் உறுமவிட மாட்டாய். "இப்பத்தான் எழுந்திருக்கு. ஆயில் மேல ஏறட்டும்" என்பாய். கடகடவென்ற சத்தம் மெல்ல மெல்ல ஒரு சீராக வரும். கேட்டுக்கொண்டே நிற்பேன். ஸ்டவ் விஷயம் எனக்குத் தெரியுமே! அதனால் வண்டியும் எனக்குப் பாதி தெரிந்த மாதிரி ஆகிவிட்டது.

உன் அண்ணன் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஒரு ஆளை வரச் சொல்லிவிட்டார். படப்பை பாய். சந்தை சந்தையாக ரெடிமேடு துணி விற்கிறவர். சரக்கு ஏற்ற வண்டி வேண்டுமாம். கட்டிலையும் ஸ்டவ்வையும் பிடுங்கிவிட்டால் நல்ல இடம் கிடைக்கும் என்று உன் அண்ணனே போனில் சொல்லியிருக்கிறார். வண்டி போனால் நீ வீட்டுக்குள் வந்துதானே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. பாசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்றைக்கும் இப்படித்தான் பனி. பாய் வருவதற்கு முன்னால் நீ வழக்கம் போலக் கோலம் போட்டாய். ஒரு இழை கோணலாகப் போயிற்று. நீ அழித்துப் போடவில்லை. நான் பக்கத்தில் குனிந்து, "ஹீட்டர் போடாத. சும்மா இழுத்துப் புகைய விடு. பாத்துட்டு அந்தாளு ஓடிடுவார்" என்றேன் ரகசியமாக.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "வந்தவங்க எதிர்ல என் வீட்டு அடுப்பு புகையணுமா அண்ணி?"

நான் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

பாய் வந்தார். உன் அண்ணன் முந்திக்கொண்டு செருப்புக் காலோடு வேனுக்குள் ஏறி, பலகையைத் தட்டித் தட்டிக் காட்டினார். "தேக்குங்க. இதை எடுத்துட்டீங்கன்னா இவ்ளோ இடம் கெடைக்கும்." நீ ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினாய். விளக்கு அணைந்தது. பனிக்காக இன்னொரு தடவை காயவிட்டாய். அழுதுகொண்டேதான் செய்தாய், ஆனால் ஒன்றையும் விடவில்லை. ஒரே திருப்பு. புகை இல்லாமல் பூப்போலப் பிடித்தது.

"இன்னா வண்டிம்மா இது! ஒரே அடில புட்ச்சிக்கிச்சே!" என்றார் பாய். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பேஜாரே இல்ல. உள்ள பாத்துட்டு முடிச்சிடலாம் சார்."

உள்ளே ஏற வந்தவர் படிக்கு முன்னால் நின்றார். கீழே பார்த்தார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக விட்டார். யாரும் அவரைக் கழற்றச் சொல்லவில்லை. ஒரு கால் படியில் வைத்து எட்டிப் பார்த்தார். மடித்த போர்வை, கண்ணாடி, உன் வீட்டுக்காரர் போட்டோ, கவிழ்த்து வைத்த இரண்டு டம்ளர். ஏறவில்லை. காலை எடுத்துவிட்டார்.

நான் உன் அண்ணன் காலைப் பார்த்தேன். அவர் செருப்போடு நீ விரித்து வைத்திருந்த கோரைப்பாய் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, வெளில வாங்க" என்றேன்.

"என்னடி?"

"காலைப் பாருங்க. அவரு காலையும் பாருங்க."

அவர் பார்த்தார்.  இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளி மனுஷர் எதிரில் நான் அவரை மீறிப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "இது விக்கறதுக்கு இல்லீங்க பாய். தப்பா நெனச்சுக்காதீங்க, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டீங்க" என்றேன்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் வண்டி பாக்கத்தாம்மா வந்தேன். வூடு பாக்க வர்ல" என்றார். உன் அண்ணனைப் பார்த்து, "விடுங்க சார். வேற வண்டி கெடைக்காமலா போய்டும்?" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

உன் அண்ணன் அன்று முழுவதும் உன்னோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. மறுநாள் நீ வண்டியைக் கிளப்பும்போது வாசலுக்கு வந்து, "சைலன்சர்ல ஏதோ சத்தம் வருது, பாத்துக்க" என்றார். ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பாய் போன அன்று மதியம் நீ வீட்டு வாசலுக்கு வந்து நின்றாயே, அதுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. முகம் கழுவிப் புடவை மாற்றியிருந்தாய். "அண்ணி, வீட்டுக்கு வாங்க" என்றாய். நாலடி தூரத்துக்கு அழைப்பு! சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தேன்.

படியருகே நின்றேன். நீ முதலில் ஏறித் திரும்பி நின்று, "வாங்க அண்ணி, உள்ள வாங்க" என்றாய். ஏறினேன். கட்டிலில் உட்கார வைத்தாய். ஸ்டவ்வின் பர்னரைச் சூடாக்கி, பம்ப் அடித்து, டீ போட்டாய். கிளம்பும்போது ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து, குங்குமச் சிமிழைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாய். நீ எடுத்து வைக்கவில்லை. புருஷனை இழந்தவள் கை வைக்கக் கூடாது என்று உன் எண்ணம். "நீயே வை. வீட்டுக்காரிதானே குடுக்கணும்?" என்று நெற்றியைக் காட்டினேன். உன் விரல் என் நெற்றியில் சில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்த வண்டியில் ஏறினேன். திருவண்ணாமலைக்கும் காஞ்சிபுரத்துக்கும் போனோம், கோவளம் கடற்கரையில் நிறுத்திப் புளிசாதம் சாப்பிட்டோம். ஒரு தடவைகூட நீ கூப்பிடாமல் நான் படியில் கால் வைத்ததில்லை.

உன் காரியம் எல்லாம் முடிந்த மறுநாள், "அத்தையோட சாமானை எடுத்து வச்சிடும்மா" என்று என் பெரிய மகன் வண்டிச் சாவியைக் கொடுத்தான். படியருகே போய் நின்றேன். என்னை உள்ளே கூப்பிட ஆள் இல்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். பெரியவன் வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். பிறகு வண்டியும் போய்விட்டது. உன் அண்ணனே வாங்கினவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

இப்போது இங்கே பெரியவன் வீட்டில் இருக்கிறேன். சமையலறைக்குப் போகும்போது நிலைப்படியில் நின்றுவிடுகிறேன். மருமகள், "என்ன அத்தை, தினம் இப்படி நிக்கறீங்க? இதுவும் உங்க வீடுதானே" என்கிறாள்.

"உன் அடுப்படிம்மா. நீ கூப்பிடு, வரேன்."

"சரி சரி, வாங்க அத்தை" என்று சிரிக்கிறாள். அதற்கப்புறம்தான் காலை எடுத்து உள்ளே வைக்கிறேன்.