சான்றுக் கட்டத்தில் என் பெயர்

ஹாமர்,
நவம்பர் 14.

அன்புள்ள ஆர்ன்ஸ்டைன் அண்ணாவுக்கு,

மாரித் எழுதுவது. இங்கே நலம். அங்கே நீயும் லிவ் அண்ணியும் நலந்தானே? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். ஏரி ஓரத்தில் இப்போதே பனி உறைய ஆரம்பித்துவிட்டது. அண்ணி அனுப்பிய பழ ஜாம் போன வாரமே தீர்ந்தது. உனக்குத் தெரியாமல் அனுப்பியிருந்தால், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

மே மாதம் உன் டெண்டர் தள்ளுபடியானது. அன்றிலிருந்து, ஆறு மாதமாக, நீ என்னோடு பேசவில்லை. உன் தச்சுப் பட்டறையிலிருந்து நீ போட்ட, இருநூறு நாற்காலிக்கான டெண்டர் அது. எங்கள் அரசுத் துறை சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளைத்தான் வாங்கவேண்டும் என்று பதினான்கு பக்கத்துக்கு விதி எழுதியவளே நான். நீ போட்டியிடுவதைப் பற்றி என்னிடம் மூச்சுவிடவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்றுதான், எனக்குத் தெரியும். ஆனால் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றிதழ் கேட்ட படிவக் கட்டத்தில் என்ன எழுதிவைத்தாய்? "எங்க சொந்தக் காடு. என் தங்கச்சி மாரித் உங்க ஆபீஸ்லதான் இருக்கா, அவளையே கேளுங்க."

மேலதிகாரி சிகுர்ட் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "மாரித், உங்கண்ணன் உன்னையே முத்திரையாக் குத்திட்டாரே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் உறவுக்காரி, இந்த முடிவில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், காபி மெஷின் பக்கத்தில் நின்றேன். இரண்டே நிமிடத்தில் உன் டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். உள்ளே இருந்திருந்தாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன், அண்ணா. இதை மறைத்து உன்னோடு சமாதானமாக எனக்கு மனமில்லை.

செப்டம்பரில் ஜெயித்த கம்பெனியின் நாற்காலிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் சுற்றுச்சூழல் சான்று முத்திரை இருந்தது. கூடவே ஒவ்வொன்றையும் மூன்று சுற்று பிளாஸ்டிக்கில் மூடி, நாலு காலுக்கும் தெர்மோகோல் தொப்பி போட்டிருந்தார்கள். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஹெர்போர்க் கழுத்தளவு குப்பையில் நின்றுகொண்டு, "ஏம்மா, நாற்காலி வாங்குனியா, பிளாஸ்டிக் வாங்குனியா?" என்று கேட்டாள். பசை, பெயின்ட், மரம் எல்லாம் கேட்ட நான், எதில் சுற்றி வரும் என்று கேட்கவில்லை. நீ பழைய கம்பளியில் சுற்றித்தான் அனுப்புவாய். சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயம், எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

தூக்கிப்போட வைத்திருந்த பழைய நாற்காலி ஒன்றில் அவளே உட்கார்ந்து பார்த்து, "காலு மட்டுந்தான் ஆடுது. இதுக்கெதுக்குப் புதுசு?" என்றாள். அந்த ஒரு கேள்வியை நான் கூட்டத்தில் அப்படியே வைத்தேன். மற்ற அலுவலகங்களுக்கு இனிப் புதிது வாங்குவதில்லை, பழையதைச் செப்பனிட்டுத் தருவது என்று முடிவானது.

அதற்கான டெண்டர் இன்று காலை வெளியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். அதை எழுதியது நானில்லை. அண்ணன் போட்டியிடக்கூடும் என்று சிகுர்டிடம் சொல்லி முன்பே விலகிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. புதுக் கால் போடும் மரத்துக்குக் காட்டுச் சான்றிதழ் கிடைக்க மூன்று வாரமாகும் என்பதுகூட அறிவிப்பிலேயே இருக்கிறது. நீதான் படிக்க மாட்டாயே!

விருப்பமிருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு. வேலை யாருக்குப் போனாலும் நீ எனக்கு அண்ணன்தான். உன் கைகளுக்கும் அண்ணிக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. அந்தக் கட்டத்தில் இந்தத் தடவை என் பெயரை எழுதாதே. கிறிஸ்துமஸ் மேசையில் யார் எங்கே உட்காருவது என்று வைக்கும் பெயர்ச் சீட்டுகளை நீதானே எழுதுவாய்? அதில் ஒன்றில் எழுது. கதவோரமாக இருந்தாலும் வந்து உட்காருவேன்.

உன் தங்கை,
மாரித்