ஒளித்து வைத்த ஊஞ்சல்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஷிப்ட் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு, வாண்டை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வீடு வந்தபோது மணி ஒன்றரை. அவள் அம்மா மருந்துக்கடை வேலையிலிருந்து வர ஏழாகும். அதுவரை நானும் மகளும்தான்.

இன்று பதினேழு தடவை. எண்ணினேன். ஊஞ்சல் அட்டை.

ஆறு வயதாகிறது, வாய்ப்பேச்சு இன்னும் வரவில்லை. படப் புத்தகம்தான் அவள் பேச்சு. அதில் ஒட்டியிருக்கும் அட்டைகளில் வேண்டியதன் படத்தைப் பிய்த்து நம் உள்ளங்கையில் வைப்பாள். ஸ்பீச் டீச்சர் நாலு மாதம் பாடுபட்டுப் பழக்கியது. முதல்முறை என் கையில் வைத்த அன்று நான் அழுதே விட்டேன். இப்போது அதே அட்டையைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மூன்று தடவை பூங்காவுக்கு நடந்தாயிற்று. நாலாவது தடவைக்கு என் முதுகு தாங்காது.

ஜூன் 5, வியாழன்

செய்துவிட்டேன். அவள் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரம், ஊஞ்சல் அட்டையைப் பிய்த்து அலமாரி மேலே ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் போட்டேன். இரண்டே நாளைக்குத்தானே! விடியுமுன் எழுந்து பஸ் ஓட்டுகிற மனுஷன் கொஞ்சம் கண்ணயர வேண்டாமா?

ஒரு மணி நேரம் தூங்கினேன். நல்ல தூக்கம். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். அட்டை இருந்த இடத்தில் ஒட்டும் பட்டை மட்டும். அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு என் விரலைப் பிடித்து இழுத்து அந்த வெற்றிடத்தில் வைத்தாள்.

"எங்க போச்சோ, தெரியலையே கண்ணு" என்றேன்.

என் பிள்ளைக்கு எல்லாம் புரியும் என்று கண்டவரிடமெல்லாம் வாதாடுகிறவன் நான். அவளிடமே இந்தப் பொய். தூ.

ஜூன் 8, ஞாயிறு

இன்று தண்ணீர் அட்டையைக்கூடக் கொடுக்கவில்லை. குழாயடியில் நின்று அழுதாள்.

ஜூன் 10, செவ்வாய்

பயிற்சிக்கு மூவரும் போனோம். டீச்சர் அவளுக்கு உயிரான சோப்புக் குமிழியை ஊதிக் காட்டி, புத்தகத்தை முன்னால் வைத்தார். வாண்டு புத்தகத்தைத் தள்ளிவிட்டாள். மறுபடி வைத்தார். தரையில் வீசினாள்.

"வீட்டுல ஏதாவது மாறுச்சா சார்?"

"ஒண்ணும் இல்லையே டீச்சர்."

எவ்வளவு சுலபமாக வந்தது! வாய் இருப்பவனுக்கு இதுதான் வசதி.

"அப்போ நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல. ஒரேயடியா நிறைய அட்டை சேத்துட்டேன்" என்றார் டீச்சர். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா புத்தகத்தை நிறுத்திட்டு முதல்லேருந்து வேற வழி யோசிக்கணும்."

முதலிலிருந்தா? நாலு மாதமும் வீணா?

திரும்பும் வழியில் மனைவி சொன்னாள்: "கடை கடைன்னு ஓடி நான்தான் அவளைக் கவனிக்காம விட்டுட்டேங்க." இரண்டு பேர் என் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 11, புதன்

அட்டையை யாருக்கும் தெரியாமல் பழைய இடத்தில் ஒட்டினேன். திருட்டுத்தனமாக எடுத்ததைத் திருட்டுத்தனமாக வைத்துவிட்டால் ஆயிற்று என்று நினைப்பு. வாண்டு அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொடவில்லை. புத்தகத்தை மூடிச் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

யார் பெல் அடித்தாலும் நிறுத்துவதுதான் என் பிழைப்பு. பெல்லையே கழற்றி வைத்துவிட்டேனே, பாவி. இனி எந்த நம்பிக்கையில் அடிப்பாள்?

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். டீச்சர் மேஜைக்கு முன்னால், மனைவி பக்கத்தில் இருக்க.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "புத்தகம் அவளோட வாய்னு முதல் நாளே சொன்னேன்ல சார்? இப்ப முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. அழுவா, அழட்டும். ஆனா வாயைப் பொத்தக் கூடாது."

"திட்டுங்க டீச்சர்."

"திட்டி என்ன ஆகப் போவுது?" என்று ஒரு புது அட்டையை எடுத்தார். விரித்த உள்ளங்கைப் படம். அர்த்தம்: வேண்டாம். "இனிமே இதுதான் முதல்ல. அவ பிடிக்காததைத் தள்ளுறப்போ இதை எடுத்துக் குடுக்க உதவுங்க. குடுத்த உடனே நிறுத்திடணும். நிறுத்துவீங்கன்னு அவளுக்கு நம்பிக்கை வரணும். மேடம் கிட்ட இல்ல, உங்க கிட்ட."

பஸ் நிறுத்தத்தில் மனைவி என் பக்கம் திரும்பினாள். "ராத்திரி பூரா என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். பக்கத்துல படுத்துக் கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? என்ன மனுஷன்யா நீங்க?"

என்ன மனுஷன் நான்? தெரியல. சத்தியமா தெரியல.

ஜூன் 18, புதன்

தினமும் பழக்குகிறேன். கசக்கும் மருந்தை நீட்டினால் முகத்தைத் திருப்புவாள். அவள் கையைப் பிடித்து அட்டையை என் கையில் வைக்கச் செய்து, மருந்தை எடுத்துப் போய்விடுவேன். பிறகு மனைவி தேனில் குழைத்துக் கொடுப்பாள். அவளாக ஒருமுறையும் தரவில்லை. மனைவி சாப்பாடு எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. நியாயம்தான்.

ஜூன் 24, செவ்வாய்

மாலை வாண்டு தரையில் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. வாரி மடியில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மன்னிப்பு கேட்கிறேனாம்! எனக்கு வேண்டியிருந்தது, அவளைக் கேட்கவில்லை.

நெளிந்தாள். ஒரு கையை மட்டும் விடுவித்து, பக்கத்திலிருந்த புத்தகத்தைத் திறந்து, டர்ரென்று பிய்த்து, அட்டையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை. அவளாகவே.

வேண்டாம்.

உடனே விட்டேன். எழுந்து எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெடுநேரம். பிறகு மூடிகளிடம் திரும்பினாள்.

ஏழு மணிக்கு மனைவி வந்தாள். நான் இருந்த இருப்பைப் பார்த்து வாசலிலேயே நின்று, "என்னாச்சு?" என்றாள். பதினோரு நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

கையிலிருந்த அட்டையைக் காட்டினேன்.

"அவளாவே குடுத்தா. அப்பா வேண்டாமாம்" என்றேன்.

மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.